முகத்துக்குப் பின்னால் ஒரு நகரம்

சுவரொட்டிகளின் கதை – 12

2015 செப்டம்பரில் 'கபாலி'யின் முதல் போஸ்டர்கள் வெளியானபோது சென்னை ரசிகனின் கண் போனது ரஜினியின் நரைத்த தாடிக்கு. கம்போங் மேடான் ரசிகனும் தாடியைப் பார்த்தான். பார்த்த கையோடு அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடினான். அந்த விளம்பரங்களில் ரஜினிக்குப் பின்னால் நின்றது கோலாலம்பூர். இரட்டைக் கோபுரமும் அதைச் சுற்றிய கட்டடக் கூட்டமும். கம்போங் மேடானிலிருந்து, நெரிசல் இல்லாத நேரமாக இருந்தால், அரை மணியில் போய்விடலாம். நெரிசல் இல்லாத நேரம் என்று கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒன்று உண்டா என்பது வேறு விஷயம்.

இந்த வாரம் அந்தப் பின்புறத்தைத்தான் பார்க்கப்போகிறோம். நாயகனின் முகத்தை எவ்வளவு பெரிதாகப் போடுவது என்பதை வியாபாரம் தீர்மானிக்கும். முகத்துக்குப் பின்னால் எந்த ஊரை நிறுத்துவது என்பதில்தான் போஸ்டர் யாரைக் கூப்பிடுகிறது என்பது வெளியே வரும்.

கம்போங் மேடானைத் தெரியாதவர்களுக்காக: பழைய கிள்ளான் சாலையை ஒட்டி, பெட்டாலிங் ஜெயாவின் தெற்கோரத்தில் இருக்கிற பகுதி அது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் நின்ற இடத்தில் வீடமைப்புத் திட்டங்கள் முளைத்தபோது, பல குடும்பங்களுக்கு வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. அப்படி நகரத்துக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினர் இங்கே புறம்போக்கில் பலகை வீடு கட்டிக் குடியேறினார்கள்; பின்னால் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டார்கள். 2001 மார்ச்சில் இங்கே நடந்த இனக் கலவரத்தில் ஆறு பேர் இறந்தார்கள். வெளியூர்க்காரர்கள் பலருக்கு இந்த ஊரின் பெயர் காதில் விழுந்ததே அப்போதுதான்.

சரி, போஸ்டருக்கு வருவோம். பார்வையாளரைப் பார்வையாளருக்கே காட்டுவது போஸ்டர் பிறந்த அன்றே தொடங்கிய தந்திரம். லூமியேர் சகோதரர்கள் 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் காசு வாங்கிப் படம் காட்டினார்கள். அடுத்த ஆண்டு அவர்களுக்காக மார்செலின் ஓசோல் என்ற ஓவியர் ஒரு சுவரொட்டி வரைந்தார். தோட்டக்காரன் தண்ணீர்க் குழாயை முகத்துக்கு நேராகப் பிடித்து, தானே நனைந்துபோகும் குறும்படத்துக்கான விளம்பரம் அது. திரையில் தோட்டக்காரன் நனைகிறான். ஆனால் போஸ்டரில் நம் கண்ணில் முதலில் படுவது திரைக்கு முன்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும் கூட்டம். உள்ளே வந்தால் நீயும் இப்படிச் சிரிப்பாய் என்பதுதான் சேதி. படம் என்ன கதை என்பதெல்லாம் அப்புறம்.

மதராஸுக்கு வந்ததும் கூட்டம் மறைந்து முகம் பெரிதானது. இதற்கு ரசனை மட்டும் காரணமில்லை. கல் அச்சுக் காலத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் வேண்டும். நிறம் கூடினால் செலவும் கூடும். தாளோ முப்பதுக்கு நாற்பது அங்குலம். அதை ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்க்கிறவன் இரண்டு மூன்று நொடியில் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு முகம், அதன்மேல் விழும் மஞ்சள், பக்கத்தில் சிவப்பு, குறுக்கே சாய்ந்து பாயும் தலைப்பெழுத்து என்று கணக்கு அமைந்தது. தலைப்பெழுத்து ஒவ்வொரு படத்துக்கும் புதிதாகக் கையால் வரையப்படும். வாசிக்கத் தெரியாதவரும் அந்த எழுத்தின் உருவத்தை வைத்தே படத்தை அடையாளம் சொல்வார்.

பெரிய பேனர்களில் இந்த வித்தை இன்னும் நுட்பமானது. நடிகரின் புகைப்படத்தின்மேல் பென்சிலால் கட்டம் போடுவார்கள். அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்களைத் துணியிலோ பலகையிலோ போட்டுக்கொண்டு, ஒரு கட்டத்தில் மூக்கின் நுனி, அடுத்ததில் உதட்டின் ஓரம் என்று மாற்றி வரைவார்கள். ஏணியில் ஏறி நின்று பக்கத்தில் பார்த்தால் கன்னத்தில் பச்சையும் ஊதாவும் ரோஸும் திட்டுத்திட்டாக அப்பிக் கிடக்கும். முகம் என்று சொல்லவே வராது. ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்த் திரும்பினால் அதுவே வெளிச்சம் விழுந்த கன்னம். எந்தத் தூரத்திலிருந்து பார்ப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு வண்ணம் வைக்கிற கை அது. ஃபிளெக்ஸ் அச்சு வந்த பிறகு அந்தக் கைகளுக்கு வேலை இல்லாமல் போனதைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுத வேண்டும்.

மலாயாவில் நிலைமை வேறு. அங்கே ஊர்ச் சுவரெல்லாம் பசை தடவ முடியாது, நகராட்சி விடாது. கோலாலம்பூர் பத்து ரோட்டில் 1920களின் தொடக்கத்தில் எழுந்த கொலிசியம், அதே சாலையில் 1936இல் வந்த ஓடியன், பிரிக்ஃபீல்ட்ஸின் லீடோ, பெட்டாலிங் ஜெயா நியூ டவுனின் ஸ்டேட் என்று தியேட்டர்கள் இருந்தன. போஸ்டரின் வாழ்க்கை பெரும்பாலும் அவற்றின் முகப்பிலும் கண்ணாடிச் சட்டத்துக்குள்ளும்தான் கழிந்தது. மிச்சம், முடிதிருத்தும் கடையிலும் மளிகைக் கடையிலும் கேசட் கடையிலும். இன்னொரு பெரிய இடம் நாளிதழ். 1924இல் தொடங்கி 2019 வரை வந்த 'தமிழ் நேசன்' போன்ற பத்திரிகைகளில் பட விளம்பரம் பார்த்துத்தான் தோட்டத்து ஆட்கள் சனி, ஞாயிறு டவுனுக்குக் கிளம்புவார்கள். அந்தத் தாளில் மஞ்சளும் சிவப்பும் ஏது? மை அப்பிய கறுப்பில், முகத்தின் கோடும் தலைப்பின் வளைவும் மட்டும் தப்பிப் பிழைக்கும். வண்ணத்தை நம்பிச் செய்த வடிவமைப்பு பாதி வழியிலேயே கரைந்துவிடும். மலேசியத் தமிழ் ரசிகன் பல ஆண்டுகள் பார்த்தது போஸ்டரின் எலும்புக்கூட்டைத்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அந்த எலும்புக்கூட்டிலும் ஊர் இருந்தது. அது அவன் ஊர் இல்லை. கோபுரம், வயல், மாட்டுவண்டி, மெரினா. தாத்தா விட்டுவிட்டு வந்த நாடு. வேடிக்கை என்னவென்றால், அதே காலத்தில் மலாய்ப் படங்களை எடுத்துக்கொண்டிருந்தவர்களில் இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்கள் பலர். 1950இல் 'பக்தி' படத்தில் மலாய் நடிகர் பி. ரம்லியை நாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன், தமிழர். அவர்கள் படங்களில் மலாய்க் கம்பத்து வீடும் தென்னையும் வந்தன. தமிழன் இயக்கிய படத்தில் மலாயா இருந்தது. தமிழன் பார்த்த படத்தில் மலாயா இல்லை.

தமிழ்ப் படம் இந்தப் பக்கம் வந்தபோதும் விருந்தாளியாகத்தான் வந்தது. 1973இல் 'உலகம் சுற்றும் வாலிபன்' வந்தது. சிங்கப்பூர், ஹாங்காங், தாய்லாந்து, ஜப்பான் என்று எம்.ஜி.ஆர். சுற்றிவந்த படம். அதன் விளம்பரக் கதை போஸ்டர் வரலாற்றில் தனி அத்தியாயம். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு எம்.ஜி.ஆர். தனிக்கட்சி கண்டிருந்த நேரம். சென்னையில் சுவரொட்டிக்கான வரி உயர்த்தப்பட்டது. படக்குழு சுவரை விட்டுவிட்டு ஸ்டிக்கருக்குப் போனது. உள்ளங்கை அகலத் தாளில் முகமும் பெயரும். ரிக்‌ஷாவிலும் கடைக் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றியது. பெரிதாக இருந்தால்தான் கண்ணில் படும் என்ற விதி அன்றைக்கு உடைந்தது. சென்னை ரசிகனுக்கு அந்தப் படத்தின் சிங்கப்பூர் ஓர் அதிசயம். மலேசிய ரசிகனுக்கு அது தம்பியோ மாமனோ வேலை பார்க்கிற பக்கத்து ஊர்.

1978இல் 'பிரியா'. சுஜாதாவின் கதை, எஸ்.பி. முத்துராமன் இயக்கம், ரஜினியும் ஸ்ரீதேவியும் சிங்கப்பூரில். அதிலும் வந்தவர்கள் ஊர் திரும்புகிறவர்கள். 2007இல் அஜித்தின் 'பில்லா'. இந்த முறை மலேசியாவே களம். பத்துமலை முருகன் சன்னிதியில் ஒரு பாட்டுகூட உண்டு. விளம்பரமெங்கும் கறுப்புக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் துப்பாக்கியும். வண்ணங்களை வடித்துவிட்டு, உலோகம்போல் மினுங்கும் சாம்பல் நிறத்தில் ஒரு படத்தை விற்க முடியும் என்று அது காட்டியது. தமிழ் போஸ்டர் வடிவமைப்பில் அது ஒரு திருப்பம்தான், மறுக்க முடியாது.

ஆனால் தேதியைப் பாருங்கள். 'பில்லா' வந்தது 2007 டிசம்பர் 14. அதற்கு மூன்று வாரத்துக்குள் முந்தைய ஒரு ஞாயிறு, நவம்பர் 25. அன்று மலேசிய இந்தியர்களின் உரிமை இயக்கமான இண்ட்ராஃப் நடத்திய பேரணி. ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போன பிரிட்டிஷ் அரசிடம் நியாயம் கேட்டு, அதன் தூதரகத்துக்கு மனு கொடுக்க பல்லாயிரம் தமிழர்கள் திரண்டார்கள். தூதரகம் இருந்த ஜாலான் அம்பாங், இரட்டைக் கோபுரத்தைத் தொட்டுக்கொண்டு ஓடுகிற சாலை. கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் அந்தக் கோபுரத்தின் காலடியில்தான் பாய்ந்தன. அந்தத் தெருக்களில் தண்ணீர் காய்ந்து மூன்று வாரம் ஆகுமுன், அந்த ஊர் தமிழ்ப் படத்தில் ஆடம்பரக் குற்றவாளியின் நகரமாகத் தியேட்டருக்கு வந்தது. படக்குழுவைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. முன்பே எடுத்து முடித்த படம். என்றாலும் ஒரே நகரத்தைத் தமிழன் இரண்டு விதமாகப் பார்த்த மாதம் அது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு 'கபாலி'யைப் பார்த்தால்தான் அதன் கெட்டிக்காரத்தனம் தெரியும். பா. ரஞ்சித் இயக்கி, கலைப்புலி தாணு தயாரித்த படம். போஸ்டரில் ரஜினி பெரிய நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். கோட்டு, சூட்டு, நரை. துப்பாக்கி தூக்கவில்லை, பாயவில்லை, சிகரெட்டைத் தூக்கிப் போடவில்லை. வெறுமனே உட்கார்ந்திருக்கிறார். தோட்டத்தில் துரைக்கு முன்னால், கங்காணிக்கு முன்னால் கைகட்டி நின்ற பரம்பரையில் வந்தவனுக்கு அந்த உட்காருதல் என்ன சொல்லும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 'பில்லா'வின் கோட்டு பணத்தைக் காட்டியது. 'கபாலி'யின் கோட்டுக்கு அம்பேத்கர் போட்ட கோட்டின் பொருளைப் படமே எடுத்துச் சொல்கிறது. துணி ஒன்றுதான், தையல்காரர் வேறு. அதோடு, பின்னால் நிற்கிற நகரம் இந்த முறை சுற்றுலா இடமாக வரவில்லை. இவர் அங்கே கூலியின் பிள்ளையாக வளர்ந்து, சிறைக்குப் போய், திரும்பி வந்த ஆள். விருந்தாளி வீட்டுக்காரனான முதல் போஸ்டர் என்று இதைச் சொல்லலாம்.

இத்தனையையும் மீறி ஒரு குறை எனக்கு உண்டு. பின்னால் கோபுரம்தான் நின்றது, கம்போங் மேடான் நிற்கவில்லை. துணி காயும் அடுக்குமாடித் தாழ்வாரம் போஸ்டருக்குள் நுழையவில்லை. அது நுழைந்திருந்தால் சென்னையிலும் ஜப்பானிலும் யாருக்கும் இது எந்த ஊர் என்று தெரிந்திருக்காது. கோபுரம் இருந்தால் ஒரே பார்வையில் மலேசியா. வியாபாரக் கணக்கில் சரி. அங்கே குடியிருப்பவனின் கணக்கில், தன் ஊர் என்று காட்டப்பட்டது தான் வேலைக்குப் போய்வருகிற இடம்.

2016 ஜூலை 22இல் படம் வந்தபோது போஸ்டர் தாளை விட்டு வானத்துக்கே போனது. ஏர் ஏசியா தன் ஏ320 விமானம் ஒன்றின் உடல் முழுக்க ரஜினியை வரைந்து, பெங்களூரிலிருந்து சென்னைக்கு ரசிகர்களை ஏற்றி வந்தது. மலேசியாவில் மாலிக் ஸ்ட்ரீம்ஸ் வெளியிட்டது. ஒரு வாரம் கழித்து மலாய் மொழிமாற்றமும் வந்தது. அங்குள்ள தணிக்கையோ படத்தின் முடிவில் ஒரு வரி சேர்க்கச் சொன்னது: கபாலி போலீசில் சரணடைந்தார் என்று. 2002ஆம் ஆண்டின் திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி அந்நாட்டில் படம் மட்டுமில்லை, அதன் போஸ்டரும் வாரியத்தின் அனுமதி பெற வேண்டும். கோலாலம்பூரில் தெருவில் வைக்கும் விளம்பரத்துக்கு 1982இன் துணைச் சட்டம் வேறு. தேசிய மொழி முன்னுக்குத் தெரிய வேண்டும். தமிழ்த் தலைப்பெழுத்தின் வளைவுகளை நம்பி வாழ்ந்த ஒரு கலை அங்கே எழுத்தளவிலேயே ஒதுங்கி நிற்கப் பழக வேண்டியிருக்கிறது.

ரஞ்சித் அடுத்து செய்ததையும் சொல்லிவிடுகிறேன். 2017 மே மாதம் 'காலா'வின் முதல் போஸ்டர். தாராவியில் ஜீப்பின்மேல் ரஜினி. வண்டியின் நம்பர் தகடு: எம்.ஹெச். 01 பி.ஆர். 1956. பி.ஆர். அம்பேத்கரின் பெயரின் முன்னெழுத்துகள். 1956 அவர் பௌத்தம் தழுவிய ஆண்டு, மறைந்த ஆண்டும் அதுவே. இதை ஓடுகிற பஸ்ஸிலிருந்து யாரும் வாசிக்க முடியாது. கைப்பேசியில் இரண்டு விரலால் விரித்துப் பார்க்கிறவனுக்காக வைத்தது. இரண்டு நொடியில் புரிய வேண்டும் என்ற பழைய கட்டளை போய், இரண்டு நாள் பேச வேண்டும் என்ற புதிய கட்டளை வந்துவிட்டது. ஆனந்த் மஹிந்திராகூட அந்த வண்டியைத் தன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்குக் கேட்டார். வண்டி மஹிந்திரா தார் என்பதால் அவருக்கு அதில் வேறு சந்தோஷம்.

ரஜினியின் கோபுரத்துக்குள் வராத மலேசியா வேறொரு படத்தில் வந்தது. 'கபாலி'க்கு ஏழு மாதம் முன்பு, 2015 டிசம்பரில் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்'. 1990களின் தொடக்கத்தில், தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்குக் குடியிருப்பில் வாழும் ஒரு குடும்பம். அப்போய் என்ற சிறுவன். அவனைச் சுற்றிக் குண்டர் கும்பல். கம்போங் மேடான்காரர்கள் பலருக்கு அது பக்கத்து வீட்டுக் கதை. நட்சத்திர முகம் இல்லாத படத்துக்கு எதைக் காட்டிக் கூட்டம் சேர்ப்பது? விமானம் கிடையாது, சட்டைப்பையும் மெலிந்தது. உள்ளூர்த் தமிழ்ப் படக்காரர்கள் கடை கடையாகப் போஸ்டரைக் கொண்டுபோய், கண்ணாடியில் ஒட்ட இடம் கேட்டு நிற்பது இன்றைக்கும் நடக்கிறது. 2016இல் மலேசியத் திரைப்பட விழா, மலாய் மொழிப் படங்களையும் பிறமொழிப் படங்களையும் பிரித்துப் போட்டியிட வைத்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. நடிகரும் இயக்குநருமான அஃப்ட்லின் ஷாவ்கி விழாவைப் புறக்கணிப்பதாகச் சொன்னார். ஏற்பாட்டாளர்கள் பிரிவை மாற்றினார்கள். சிறந்த மலேசியப் படம் என்ற விருது 'ஜகாட்'டுக்குப் போனது.

அந்த விருதுக்குப் பிறகு உள்ளூர்த் தமிழ்ப் படங்களின் போஸ்டர்கள் எப்படி மாறின, யார் வரைகிறார்கள், தமிழ் எழுத்தையும் மலாய் மொழியின் ரூமி (ரோமன்) எழுத்தையும் ஒரே தாளில் எப்படிக் குடிவைக்கிறார்கள் என்பதை அடுத்த வாரம் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து பார்ப்போம்.

(தொடரும்)