கல்லூரியில் படித்துக்கொண்டே நீட் தேர்வு: எந்த ஆண்டில் எழுதுவது உகந்தது? - முழு விவரம்

புதுடெல்லி: பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஆண்டில் மருத்துவ இடம் கிடைக்காத மாணவர்கள் அனைவரும் வீட்டில் அமர்ந்து அடுத்த தேர்வுக்குத் தயாராவதில்லை. ஓர் ஆண்டு வீணாகிவிடுமோ என்ற அச்சத்தில் பி.எஸ்சி. போன்ற பட்டப்படிப்பில் சேர்ந்து, அங்கிருந்தபடியே மீண்டும் நீட் எழுதுவோரும் நாடு முழுவதும் உள்ளனர். இவர்களுக்கு முன் நிற்கும் கேள்வி, பட்டப்படிப்பின் எந்த ஆண்டில் எழுதுவது என்பதே. விதிகள் என்ன அனுமதிக்கின்றன, ஒவ்வோர் ஆண்டிலும் உள்ள சாதக பாதகங்கள் எவை என்பதை இத்தொகுப்பில் காணலாம்.

வயது வரம்பும் வாய்ப்புகளும்

இளநிலை மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வை 2019 முதல் தேசிய தேர்வு முகமை (என்டிஏ) நடத்தி வருகிறது. சேர்க்கை ஆண்டின் டிசம்பர் 31ஆம் தேதிக்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். அதிகபட்ச வயது வரம்பு ஒரு காலத்தில் 25 என இருந்து, நீதிமன்ற வழக்குகளுக்கு உள்ளானது. தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அதை நீக்கியது. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் வரம்பு இல்லை. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வைத் தொடர்ச்சியான 2 ஆண்டுகளில் 2 முறை மட்டுமே எழுத முடியும் என்பதுடன் ஒப்பிட்டால், நீட் தேர்வர்களுக்கு இது பெரும் தளர்வு. ஆகவே, கல்லூரி மாணவர்களைக் கட்டுப்படுத்துவது விதிகளைவிடக் காலமும் தயாரிப்புமே ஆகும்.

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பயிலாதவர்களும் பின்னர் அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேர்ச்சி பெற்று நீட் எழுதலாம் என ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. கணிதப் பிரிவில் படித்துக் கல்லூரியில் சேர்ந்தவர்களுக்கும் இதனால் வழி திறந்துள்ளது.

தகுதி பெறுவது வேறு, இடம் பெறுவது வேறு

இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90 என 180 வினாக்கள். மொத்தம் 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4 மதிப்பெண் கிடைக்கும்; தவறான விடைக்கு 1 குறையும். 2025இல் சுமார் 22.09 லட்சம் பேர் தேர்வெழுதினர், அவர்களில் 12.36 லட்சம் பேர் தகுதி பெற்றனர். நாட்டில் உள்ள எம்பிபிஎஸ் இடங்களோ ஒரு லட்சத்துக்குச் சற்றே அதிகம். அவற்றிலும் குறைந்த கட்டணம் கொண்ட அரசுக் கல்லூரி இடங்கள் ஒரு பகுதியே. அவ்வாண்டு பொதுப் பிரிவினருக்கான தகுதி மதிப்பெண் 144 மட்டுமே. இந்த எண்ணை இலக்காகக் கொண்டு தேர்வு ஆண்டை முடிவு செய்வது தவறான கணக்காகிவிடும். தமது மாநிலத்தில், தமது பிரிவில், முந்தைய ஆண்டு அரசு இடம் பெற்ற கடைசி மாணவரின் மதிப்பெண்ணே உண்மையான அளவுகோல்.

முதலாம் ஆண்டில் எழுதினால்

வினாக்கள் 11, 12ஆம் வகுப்புப் பாடங்களிலிருந்தே வருகின்றன. பள்ளிப் பாடம் நினைவில் பசுமையாக இருக்கும் முதலாம் ஆண்டு இதற்குச் சாதகமானது. இடம் கிடைத்துப் படிப்பை விட்டு விலகினாலும் இழப்பு ஓராண்டுதான். எனினும் புதிய ஊர், விடுதி வாழ்க்கை, செய்முறை வகுப்புகள், வருகைப்பதிவுக் கட்டாயம் ஆகியவற்றுக்குப் பழகுவதற்குள் முதல் பருவம் முடிந்துவிடும். தயாரிப்புக்கு எஞ்சுவது டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான சில மாதங்களே.

இரண்டாம் ஆண்டில் எழுதினால்

கல்லூரி பழகியிருக்கும்; நேரத்தைத் திட்டமிடுவது எளிது. ஆனால் பட்டப்படிப்பில் இடம்பெறாத பாடங்கள் மறக்கத் தொடங்கும் காலமும் இதுவே. விலங்கியல், தாவரவியல் மாணவர்கள் பலருக்கு இயற்பியல் கணக்குகளோடு தொடர்பு அற்றுப்போகிறது. இயற்பியல் மாணவர்களுக்கோ, மொத்த மதிப்பெண்ணில் சரிபாதியான 360ஐக் கொண்ட உயிரியல் அந்நியமாகிறது. கல்லூரியில் எந்தப் பாடம் இல்லையோ, அதற்கு முதலாம் ஆண்டிலிருந்தே வாரந்தோறும் நேரம் ஒதுக்கியவர்களுக்கே இரண்டாம் ஆண்டு கைகொடுக்கும்.

மூன்றாம் ஆண்டிலும் பட்டத்துக்குப் பின்னரும்

இறுதியாண்டில் எழுதுவோருக்குப் பட்டம் கைவசம் இருக்கும் என்ற உறுதி உண்டு. இடம் கிடைக்காவிட்டாலும் முதுநிலைப் படிப்பு, வேலை என வேறு வழிகள் உள்ளன. ஆனால் இறுதிப் பருவத் தேர்வும் ஆய்வுத் திட்டப் பணியும் நீட் தயாரிப்பும் ஒரே நேரத்தில் வந்து சேரும். அதனால் பட்டத்தை முடித்துவிட்டு, ஓராண்டு முழுவதையும் தேர்வுக்கென ஒதுக்குவோரும் உண்டு.

இங்கு வயதுக் கணக்கு முக்கியமானது. எம்பிபிஎஸ் படிப்பு நான்கரை ஆண்டுகள். அதன்பின் ஓராண்டு பயிற்சி மருத்துவர் பணி. 19 வயதில் சேருபவர் 24 அல்லது 25 வயதில் மருத்துவராவார். 22 வயதில் சேருபவருக்கு அது 27 அல்லது 28 ஆகிவிடும். எம்.டி., எம்.எஸ். படிக்க மேலும் 3 ஆண்டுகள் தேவை. குடும்பத்தின் வருமானப் பொறுப்பு விரைவில் தோளில் ஏறும் நிலையில் உள்ள மாணவர், இந்த 3 ஆண்டு வேறுபாட்டை வீட்டாருடன் வெளிப்படையாகப் பேசிய பின்னரே முடிவெடுப்பது நல்லது.

மோதும் நாட்காட்டிகள்

நீட் தேர்வு 2023இல் மே 7, 2024இல் மே 5, 2025இல் மே 4 என மே முதல் ஞாயிற்றுக்கிழமையில் நடைபெற்றது. பல பல்கலைக்கழகங்களில் பருவத் தேர்வுகள் நடைபெறும் காலமும் இதுவே. 2025ஆம் ஆண்டுத் தேர்வுக்கான விண்ணப்பப் பதிவு பிப்ரவரி 7 முதல் மார்ச் 7 வரை நடைபெற்றது. எனவே எழுதுவதா, அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைப்பதா என்பதை பிப்ரவரிக்குள் தீர்மானிக்க வேண்டியுள்ளது. டிசம்பர் விடுமுறையில் முந்தைய ஆண்டு வினாத்தாளை, கடிகாரம் வைத்து 180 நிமிடங்களில் எழுதிப் பார்ப்பது இதற்கு எளிய வழி. கிடைக்கும் மதிப்பெண்ணுக்கும் இலக்குக்கும் உள்ள இடைவெளியை எஞ்சிய 4 மாதங்களில் கடக்க இயலுமா என்பது அப்போது தெளிவாகும். தேர்வு மைய நகரத்தைக் குறிப்பிடும்போதும் கவனம் தேவை. ஞாயிறு மாலை தேர்வு முடித்து, திங்கள் காலை பருவத் தேர்வுக்குத் திரும்ப முடியுமா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படிப்பை விட்டு விலகும்போது

நீட் மதிப்பெண் இந்தியச் சேர்க்கைக்கு அந்த ஆண்டு மட்டுமே செல்லும். கலந்தாய்வு பல சுற்றுகளாக மாதக்கணக்கில் நீள்வதால், கல்லூரியில் அடுத்த கல்வியாண்டு அதற்குள் தொடங்கிவிடும். ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வரும் முன்பே மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிடுவது ஆபத்தானது. இடம் கிடைக்காமல் போனால் இரண்டும் இல்லை என்ற நிலை ஏற்படும். மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனங்கள் தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018இல் அறிவித்துள்ளது. கலந்தாய்வில் இடம் பெற்றால் அவை உடனே தேவைப்படும் என்பதால், சான்றிதழ்கள் எங்கு உள்ளன என்பதை முன்பே உறுதி செய்துகொள்வது அவசியம்.

தேசிய கல்விக் கொள்கையைப் பின்பற்றும் பல்கலைக்கழகங்களில், நிபந்தனைகளை நிறைவு செய்தால் ஓராண்டுக்குப் பின் சான்றிதழும், 2 ஆண்டுகளுக்குப் பின் பட்டயமும் பெற்று வெளியேறலாம். படித்த பாடங்களுக்கான மதிப்பலகுகள் கல்வி மதிப்பலகு வங்கியில் அதிகபட்சம் 7 ஆண்டுகள் வரை சேமிப்பில் இருக்கும். இடையில் விலகுவோர் தமது பல்கலைக்கழகத்தில் இவ்வசதி உள்ளதா எனக் கேட்டறிய வேண்டும்.

எது உகந்தது?

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே ஆண்டு என்று எதுவுமில்லை. முதல் முயற்சியில் இலக்கை நெருங்கி வந்து தவறவிட்டவருக்கு முதலாம் ஆண்டே ஏற்றது. அடிப்படையிலேயே பலவீனம் உள்ளவர், கல்லூரியையும் தேர்வையும் ஒருசேரச் சுமந்து இரண்டிலும் சரிவைச் சந்திப்பதைவிட, ஓராண்டைத் தள்ளிப்போடுவதோ பட்டத்தை முடிப்பதோ மேல். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்ற தளர்வே, தயாரிப்பின்றி ஆண்டுதோறும் எழுதும் பழக்கமாகவும் மாறிவிடக் கூடும். எந்த ஆண்டில் எழுதுவது என்பதோடு, எத்தனையாவது முயற்சியுடன் நிறுத்திக்கொள்வது என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொண்டால், பட்டப்படிப்பும் பாதிக்கப்படாது. தேர்வுத் தேதி, வினாத்தாள் அமைப்பு, கலந்தாய்வு விதிகள் ஆகியவை ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை என்பதால், தேசிய தேர்வு முகமை அந்தந்த ஆண்டு வெளியிடும் தகவல் கையேட்டைப் படித்த பின்னரே விண்ணப்பிக்க வேண்டும்.