தேவதைக் கதைத்தொடர்களும் சிறுவர் வாசிப்பும் - ஆங்கில இலக்கிய வரலாற்றில் ஒரு நோக்கு

எழுத்தறிவைப் பாடசாலை கற்பித்துவிடலாம். வாசிக்கும் பழக்கமோ, அடுத்த பக்கத்தைப் புரட்டவேண்டும் என்னும் ஆவல் குழந்தையின் உள்ளத்திலே தானாக எழுந்தாலன்றி உண்டாவதில்லை. இவ்வாவலை எழுப்புதற்கு இங்கிலாந்திலே பயன்பட்ட இலக்கிய வடிவங்களுள் தேவதைக் கதைத்தொடரும் ஒன்றாகும். அன்றூ லாங் 1889 முதல் தொகுத்த வண்ணத் தேவதை நூல்கள், எனிட் பிளைற்றன் 1939 முதல் எழுதிய மாயமரக் கதைகள், 2003 இல் தொடங்கிய ‘வானவில் மாயம்’ என்னும் தொடர் ஆகிய மூன்றும் அதன் வளர்ச்சிப் படிகளாக அமைந்தன. இவற்றின் வரலாற்றை நோக்குமிடத்து, குழந்தை எதனை வாசிக்கவேண்டும் என்பதை யார் தீர்மானிப்பது என்னும் வினா ஒவ்வொரு காலத்திலும் எழுந்தமை புலனாகின்றது.

தேவதைக் கதைகள் தொடக்கத்திலே நன்மதிப்புப் பெற்றனவல்ல. பிரான்சிலே சாள்ஸ் பெரோ 1697 இல் வெளியிட்ட கதைகள் 1729 இல் ஆங்கிலத்துக்கு வந்தன. ஊரூராகச் சென்று விற்போர் சுமந்து திரிந்த மலிவுப் பதிப்புகள் வாயிலாக இத்தகைய கதைகள் பொதுமக்களிடையே பரவின. ஆயின், நூல்கள் யாவும் நல்லொழுக்கத்தைப் போதித்தல் வேண்டும் எனக் கருதியோர் இவற்றை வெறுத்தனர். சேரா றிம்மர் அம்மையார் 1802 முதல் 1806 வரை நடத்திய ‘கல்விக் காவலன்’ என்னும் ஏட்டிலே, சின்டரெல்லா கதை பொறாமையையும் ஆடையணி மோகத்தையும் வளர்க்கும் என்ற கண்டனம் வெளியாயிற்று. கிறிம் சகோதரரின் கதைகள் 1823 இல் எட்கார் ரெயிலரின் மொழிபெயர்ப்பாக ஆங்கிலத்தில் வெளிவந்தபின் இந்நிலை மெல்ல மாறியது. அந்நூலுக்குச் சித்திரம் வரைந்த ஜோர்ஜ் குறூக்சாங்கே பிற்காலத்தில் பழைய கதைகளுக்குள் மதுவிலக்குப் பிரசாரத்தைப் புகுத்தி வெளியிட்டார். சாள்ஸ் டிக்கன்ஸ் 1853 இல் தமது வார ஏட்டில் அதனை எள்ளிநகையாடிக் கண்டித்தார். கதையைக் கதையாகவே விட்டுவிடுதல் வேண்டும் என்னும் கொள்கை இவ்வாறு பெரும் எழுத்தாளர் ஒருவரின் ஆதரவைப் பெற்றது.

இதே காலப்பகுதியில் வாசிக்கத் தெரிந்த சிறுவரின் தொகையும் பெருகலாயிற்று. 1870 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் பாடசாலைகளைப் பெருக்கிற்று. 1880 இல் ஐந்து வயது முதல் பத்து வயது வரை பாடசாலை செல்லுதல் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் 1862 முதல் நடைமுறையில் இருந்த விதிகளின்படி, பாடசாலைக்குரிய அரசாங்க நன்கொடை மாணவரின் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றின் பரீட்சைப் பெறுபேற்றிலே பெரிதும் தங்கியிருந்தது. இதனால் பாடப்புத்தகத்தை நெட்டுருப் பண்ணி ஒப்புவிப்பதே வாசிப்பு என்றாயிற்று. கவிஞரும் பாடசாலைப் பரிசோதகருமாகிய மத்தியூ ஆர்னல்ட் இவ்வியந்திரப் போக்கினைத் தமது அறிக்கைகளிலே கண்டித்தார். வாசிக்கத் தெரிந்தும் வாசிப்பில் நாட்டமற்ற ஒரு தலைமுறை உருவாகும் அபாயம் அன்று இருந்தது. இப்பின்னணியை மனங்கொண்டே லாங்கின் முயற்சியை மதிப்பிடல் வேண்டும்.

ஸ்கொத்லாந்திலே 1844 இல் பிறந்த அன்றூ லாங் கவிஞர், நாட்டாரியல் ஆய்வாளர், விமரிசகர் எனப் பல துறைகளிலும் பெயர் பெற்றவர். தொன்மங்கள் யாவும் சூரியன் முதலிய இயற்கைத் தோற்றங்களிலிருந்து பிறந்தன என்ற மாக்ஸ் முல்லரின் கொள்கையை எதிர்த்து வாதிட்டவர். அவர் 1889 இல் வெளியிட்ட ‘நீலத் தேவதை நூல்’ 37 கதைகளைக் கொண்டது. பெரோ, கிறிம் கதைகளோடு அலாவுதீன் கதை, கிரேக்கப் புராணமொன்று, கலிவர் குறளர் நாட்டிற்குச் சென்ற பகுதி ஆகியனவும் அதில் இடம்பெற்றன. அறிஞர் வகுத்த எல்லைகளைக் குழந்தையின் சுவை பொருட்படுத்துவதில்லை என்பதை லாங் அறிந்திருந்தார். அடுத்த ஆண்டிலே சிவப்பு நூலும் 1892 இல் பச்சை நூலும் வெளிவந்தன. பச்சை நூலே பெரும்பாலும் இறுதியானதாக அமையும் என அதன் முன்னுரையில் அவர் குறிப்பிட்டார். ஆனால் வாசகர் விடுவதாயில்லை. மஞ்சள், இளஞ்சிவப்பு, சாம்பல், ஊதா எனத் தொடர்ந்து, 1910 இல் வெளியான இளவூதா நூலோடு தொகை பன்னிரண்டாயிற்று. தொடராகத் திட்டமிடப்படாத ஒன்றைத் தொடராக்கியது வாசகர் வேட்கையே எனலாம். எச்.ஜே. ஃபோர்ட் வரைந்த சித்திரங்களும், ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வண்ணம் என்ற ஏற்பாடும் இதற்குத் துணைசெய்தன. நூற்பெயரை எழுத்துக்கூட்டி வாசிக்க இயலாத குழந்தையும் நிறத்தைச் சுட்டி அடுத்த நூலைக் கேட்கக்கூடியதாயிருந்தது.

இந்நூல்களின் பெரும்பகுதி லாங்கின் கையெழுத்தில் உருவானதன்று என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அவருடைய மனைவியாராகிய லெனோரா பிளான்ச் லாங் அம்மையாரும் வேறு பெண்கள் சிலருமே பிரெஞ்சு, ஜேர்மன், இத்தாலியம், ஸ்பானியம் முதலிய மொழிகளிலிருந்து கதைகளைப் பெயர்த்தும் சுருக்கியும் தந்தனர். இத்தொடர் பெரும்பாலும் முழுவதும் தம் மனைவியாரின் உழைப்பே என லாங் இறுதி நூலின் முன்னுரையிலே வெளிப்படையாகக் கூறினார். எனினும் அட்டையில் நிலைத்தது அவர் பெயரே. இன்றும் நூலகங்களில் இந்நூல்கள் அவர் பெயராலேயே தேடப்படுகின்றன.

தேவதைக் கதைகளைக் குழந்தைகளுக்கே உரியனவாகக் கருதும் மனப்பாங்கு இத்தொடரால் வலுப்பெற்றது. ஜே.ஆர்.ஆர். ரோல்கீன் 1939 இல் சென் அன்றூஸ் பல்கலைக்கழகத்தில், லாங்கின் பெயரால் அமைந்த சொற்பொழிவிலேயே இக்கருத்தை மறுத்தார். பெரியோர் கைவிட்ட பழைய தளபாடங்கள் குழந்தைகளின் அறைக்குள் ஒதுக்கப்படுவது போன்றே இக்கதைகளும் அங்கு ஒதுக்கப்பட்டன என்பது அவருடைய வாதம். ஆயினும் சிறுவயதில் லாங்கின் சிவப்பு நூலிலே சிகுர்ட் கதையை வாசித்துத் திளைத்தவர்களுள் அவரும் ஒருவர். மறுத்தவரையும் வாசகராக ஆக்கியது அத்தொடரே.

லாங்கின் நூல்கள் பருமனானவை. அவற்றின் நடையும் பயிற்சியுடைய வாசகருக்கே எளிதானது. சிறு குழந்தைக்குப் பெரியோர் வாசித்துக் காட்டவேண்டியிருந்தது. குழந்தை தனியே வாசித்தற்கேற்ற வடிவம் பின்னரே வளர்ச்சியுற்றது. 1939 இல் வெளியான ‘மந்திரக் காடு’ என்னும் நூலிலே எனிட் பிளைற்றன் சிறு அத்தியாயங்களையும் குறுகிய வாக்கியங்களையும் கையாண்டார். மாயமரத்தின் உச்சியிலே ஒவ்வொரு முறையும் வேறோர் உலகம் வந்து தங்குகின்றது. அது அகன்று செல்லுமுன் சிறுவர் இறங்கிவிடல் வேண்டும். இவ்வமைப்பு ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் புதுமையையும் பதற்றத்தையும் அளித்தது. 1943, 1946 ஆம் ஆண்டுகளில் இதன் தொடர்ச்சிகள் வெளிவந்தன. பிளைற்றனின் சொல்வளம் வறியது எனக் கருதிய நூலகர் சிலர் அவர் நூல்களை வாங்க மறுத்தனர். எனினும் அவருடைய வாசகர் தொகை குறையவில்லை.

இவ்வடிவத்தின் உச்சநிலை 2003 இல் தோன்றிய ‘வானவில் மாயம்’ தொடராகும். ஜக் ஃபுறோஸ்ற் என்னும் பனியரக்கனால் துரத்தப்பட்ட வானவில் தேவதைகள் எழுவரை, ரேச்சல், கேஸ்ரி என்னும் சிறுமியர் இருவர் நூலுக்கு ஒருவராகத் தேடிக் கண்டடைகின்றனர். லாங்கின் நூல்களைப் போன்று இங்கும் வண்ணமே வரிசையாயிற்று. பின்னர் வந்த நூல்களும் பெரும்பாலும் எழுவ்வேழாகவே வெளிவந்து, தொகை இருநூறைக் கடந்தது. நூலாசிரியராகக் குறிக்கப்பெறும் டெய்சி மெடோஸ் என்பவர் உண்மையில் ஒருவரல்லர். கதைத்திட்டத்தை நிறுவனமொன்று வகுத்தளிக்க, எழுத்தாளர் பலர் அப்புனைபெயரில் எழுதினர். 2010 ஆம் ஆண்டையொட்டிப் பிரித்தானியப் பொது நூலகங்களில் மிகுதியாக இரவல் பெறப்பட்ட சிறுவர் நூலாசிரியர் வரிசையில் இப்பெயர் முன்னணியில் நின்றது.

ஒரே வாய்பாட்டில் வார்க்கப்பட்டவை என்பதே இந்நூல்கள்மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டு. இலக்கியத் தரம் என்ற அளவுகோலால் நோக்கின் இக்குற்றச்சாட்டு மறுத்தற்கரியது. ஆயின், வாசிக்கத் தொடங்கும் குழந்தையின் நிலை வேறு. எழுத்தை இனங்காணல், சொல்லைச் சேர்த்தல், பொருளுணர்தல் ஆகிய சுமைகளை அது ஒருங்கே தாங்கவேண்டியுள்ளது. பாத்திரங்களும் கதைப்போக்கும் முன்பே அறிந்தனவாயின் அச்சுமை குறைகின்றது. திரும்பத் திரும்ப வரும் சொற்கள் சரளத்தை வளர்க்கின்றன. ஒரு நூலைத் தானே முடித்த பெருமிதம் அடுத்த நூலை எடுக்கத் தூண்டுகின்றது. முதிர்ந்த வாசகனுக்குச் சலிப்பூட்டும் அதே ஒருமைப்பாடு புதிய வாசகனுக்கு ஊன்றுகோலாகின்றது. ஊன்றுகோலை எப்போது விடுவது என்பதை அறிந்து வழிகாட்டுவது பெற்றோரும் ஆசிரியரும் நூலகரும் ஆற்றவேண்டிய பணியாகும். அதனைக் கையிலிருந்து பறித்தல் அப்பணியாகாது.

சேரா றிம்மர் காலத்துக் கண்டனமும், பிளைற்றனுக்கு எதிரான மறுப்பும், இன்றைய தொடர்நூல்கள்மீதான குறைகூறலும் குழந்தையின் நலம் கருதியே எழுந்தவை. ஆயினும் அவை யாவும் குழந்தையின் இன்பத்தைக் கணக்கிலெடுக்கத் தவறின. நெட்டுருவையே வாசிப்பெனக் கற்பித்த காலத்திலே வண்ண அட்டையிட்ட நூல்கள் அவ்வின்பத்தைப் பேணித் தந்தன. சிறுவர்க்கு நூல் ஆக்குவோரும் அதனைத் தெரிவுசெய்வோரும் இவ்வரலாற்றிலிருந்து பெறக்கூடிய பாடம் இதுவேயாகும்.