நெல்லைச் சீமையின் பள்ளிகளும் நம் பிள்ளைகளும்

பள்ளி என்னும் சொல்லை நாம் தொழுமிடத்திற்கும் வழங்குகிறோம்; எழுத்தறியும் இடத்திற்கும் வழங்குகிறோம். நெல்லைச் சீமையின் சிற்றூர்க் கல்வி வரலாற்றைப் பேசுவோர் இவற்றுள் ஒன்றை மட்டுமே எண்ணுவர்.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆட்சியர்களிடம் பள்ளிக் கணக்குக் கேட்டார். திருநெல்வேலி அனுப்பிய கணக்கில் பள்ளிகள் 607; மாணாக்கர் 9,377 பேர். அவருள் முஸ்லிம் சிறுவர் 796 பேர், அதாவது ஆண் மாணாக்கருள் நூற்றுக்கு எட்டுக்கு மேல். நம் முன்னோர் கல்வியை அறவே புறக்கணித்தனர் என்று மேடைதோறும் முழங்குவோர் இவ்வெண்ணை ஒருமுறையேனும் நோக்குதல் நலம்.

பெண்மக்களோ எல்லாச் சமூகத்தாரையும் சேர்த்து 119 பேரே. ஆயினும் வீட்டில் பயின்றோர் அக்கணக்கில் அடங்கார். மன்றோவே 1826ஆம் ஆண்டுக் குறிப்பில் இக்குறையைச் சுட்டுகிறார். உஸ்தாது வீட்டு முற்றத்தில் ஓதிய சிறுமி அரபெழுத்து அறிந்தாள். அதன் வழியே அரபுத்தமிழ் நூல்களையும் வாசித்தாள். எந்தப் பதிவேட்டில் அவளை எழுதுவது?

நாம் பின்தங்கியது அதன் பின்னரே என்பது என் கருத்து. ரேனியஸ் பாதிரியார் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து ஊரூராகப் பள்ளிகள் வைத்தார். 1854இல் உட்டின் கல்வி அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு மானியம் வகுத்தபோது, அதைப் பெறக் கட்டடமும் பதிவேடும் உடையவர்களாக மிஷனரிகளே முன்னின்றனர். பிள்ளைகளின் ஈமானுக்கு அஞ்சி நம்மவர் ஒதுங்கினர். அவ்வச்சம் முற்றிலும் காரணமற்றதன்று. ஆனால் அஞ்சியவர்கள் மாற்றுப் பள்ளி கட்டத் தாமதித்தார்களே, அதுதான் பிழை. மக்தபுகளில் உலகியல் பாடங்களையும் சேர்க்க ஊக்கமளிக்குமாறு 1882ஆம் ஆண்டின் ஹண்டர் குழு பரிந்துரைத்தும் அவ்வாய்ப்பை நாம் போதிய அளவு பயன்படுத்தவில்லை.

பின்னர் உள்ளாட்சிப் பள்ளிகள் பெருகின. 1920இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. காமராசர் மதிய உணவைத் தொடங்கிவைத்த எட்டயபுரமும் அந்நாளில் நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்ததே.

என் தலைமுறை பஞ்சாயத்து யூனியன் பள்ளியில் படித்தது. சுப்ஹுக்குப் பின் மக்தபில் ஓதுவோம். சிலேட்டின் ஒரு புறம் அலிஃப், பே. மறுபுறம் அ, ஆ. பிள்ளைகள் பசியோடு வகுப்புக்கு வருவதைக் கண்ட எங்கள் தலைமையாசிரியர், நெற்றியில் திருநீறு துலங்க, ஒருநாள் உஸ்தாதைத் தேடி வந்தார். இருவரும் ஹவுளுக்கரையில் அமர்ந்து பேசினர். மறுநாள் முதல் எட்டு மணிக்கே மக்தப் விட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு எங்களை அனுப்பும் பொறுப்பைத் தலைமையாசிரியர் ஏற்றுக்கொண்டார்.