சபதத்துக்கு முன்னாடி ஒரு நட்பு

ஈ.சி.ஆர்ல கோவளம் தாண்டி தெற்கே போனா திருவிடந்தை வரும். கல்யாணம் கைகூடணும்னு வேண்டிக்கிட்டு, கழுத்துல மாலையோட பிராகாரம் சுத்துறவங்களை அங்க நித்யகல்யாணப் பெருமாள் கோயில்ல பார்க்கலாம். அடுத்து நெம்மேலி. கடல்நீரைக் குடிநீராக்கி சென்னைக்கு அனுப்புற ஆலை இருக்கிற ஊர். இன்னும் கொஞ்சம் போனா மாமல்லபுரம். இன்னிக்கு நாம பேசப்போற காதல் கதை அந்த மணல்லதான் தொடங்குச்சு. ஆனா அது கல்யாணத்துல முடியாத கதை.

கல்கியோட 'சிவகாமியின் சபதம்' பத்திதான் சொல்றேன். பெரும்பாலானவங்க இதை ஒரு போர்க்கதைன்னு நினைச்சுத்தான் கையில எடுப்பாங்க. யானைப்படை, கோட்டை முற்றுகை, மாறுவேடத்துல ஒற்றர்கள். நானும் அதை எதிர்பார்த்துத்தான் படிச்சேன். அதெல்லாம் இருக்கு, நல்லாவே இருக்கு. ஆனா என்னை ராத்திரி தூங்கவிடாம படிக்க வச்சது வேற ஒண்ணு. இப்போ நாம 'ஃப்ரெண்ட்ஸ் டு லவ்வர்ஸ்'னு சொல்றோமே, அது.

முதல்ல வரலாறு. ஏழாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவில் இரண்டு பெரிய சக்திகள்: காஞ்சியில் பல்லவர்கள், வாதாபியில் சாளுக்கியர்கள். வாதாபி என்பது இன்றைய கர்நாடகத்தின் பாதாமி. வடக்கே ஹர்ஷரையே தடுத்து நிறுத்திய இரண்டாம் புலிகேசி, பல்லவ நாட்டின் மீதும் படையெடுத்தார். பல்லவ மன்னன் காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒளிய நேர்ந்தது என்று பெருமை பேசுகிறது அவருடைய 634-ஆம் ஆண்டு ஐஹொளே கல்வெட்டு. அதற்குப் பதில் 642 வாக்கில் வந்தது. மகேந்திரவர்மனின் மகன் நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்தான். அவனுடைய பட்டப்பெயர்தான் மாமல்லன். அவன் புலிகேசியை வென்ற இடங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேடு சொல்லும் மணிமங்கலம், நம்ம தாம்பரத்துக்குப் பக்கத்துல இருக்கு. படையை நடத்திப்போன பரஞ்சோதி, பிறகு சிறுத்தொண்டர் என்ற நாயன்மாராகப் பெரியபுராணத்தில் வருகிறார்.

சரி, இதுல சிவகாமி எங்க? எந்தக் கல்வெட்டுலயும் இல்லை, செப்பேட்டுலயும் இல்லை. அவளும் அவ அப்பா ஆயனச் சிற்பியும் முழுக்கக் கல்கியோட கற்பனை. மாமல்லபுரத்துக் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யோடு உட்கார்ந்திருந்தபோது இந்தக் கதை மனதில் விழுந்தது என்று கல்கியே முன்னுரையில் சொல்கிறார். அது எழுத்தாக வரப் பல வருஷம் ஆனது. 1944-இல் 'கல்கி' பத்திரிகையில் தொடராகத் தொடங்கி 1946-இல் முடிந்தது.

அந்த வருஷங்களைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. உலகப் போர் நடந்துக்கிட்டிருந்த நேரம். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வந்துடுவான்னு பயந்து சென்னையையே காலி பண்ணிட்டு ஜனங்க ஓடினாங்க. அந்த வாசகர்களுக்கு, எதிரி வர்றான்னு கேட்டுக் கோட்டைக் கதவை மூடுற காஞ்சி எவ்வளவு பக்கத்துல இருந்திருக்கும்!

இன்னொரு சுவாரசியம். இதுக்கு முன்னாடியே கல்கி 'பார்த்திபன் கனவு' எழுதிட்டார். கதைப்படி அது பின்னால் நடப்பது. அதில் நரசிம்மவர்மனுக்குக் குந்தவைன்னு வளர்ந்த மகளே இருக்கா. ஆக, இந்த ராஜாவுக்குக் கல்யாணமாகிக் குழந்தை குட்டியோட இருக்கப்போறார்னு வாசகர்களுக்கு முன்னாடியே தெரியும். இருந்தும் வாராவாரம் காத்திருந்தாங்க.

ஏன்? இங்கதான் அந்த நட்பு வருது. சின்னப் பையனா அப்பா மகேந்திரரோட ஆயனர் வீட்டுக்கு வந்துபோன இளவரசன், சிவகாமியோட சேர்ந்து விளையாடினவன். சிலைகளுக்கு நடுவுல ஓடிப்பிடிச்ச ரெண்டு பேருக்கும் அப்போ ராஜா வீடு, சிற்பி வீடுங்கிற வித்தியாசம் கிடையாது. வளர்ந்ததும் நட்பு காதலாகுது. கூடவே அந்த வித்தியாசமும் முளைக்குது. முதல்ல கண்டுபிடிக்கிறவர் மகேந்திரர். கலையை அவ்வளவு நேசிச்ச மனுஷன், கலைஞரோட மகளை மருமகளாக்க மட்டும் தயாரா இல்லை. எனக்கு ரொம்ப உறுத்தின இடம் இது.

பிறகு சிவகாமி சிறைப்பட்டு வாதாபிக்குப் போகிறாள். பிடித்துவரப்பட்ட தமிழர்களைச் சாட்டையடியிலிருந்து காப்பாற்ற நாற்சந்திகளில் ஆடுகிறாள். வாதாபி எரியாமல் இந்த ஊரைவிட்டுக் கிளம்பமாட்டேன் என்று சபதம் செய்கிறாள். மாமல்லன் உயிரைப் பணயம் வைத்து மாறுவேடத்தில் கூப்பிட வருகிறான். அவள் மறுக்கிறாள்.

'ஏன் இவ்வளவு பிடிவாதம்?'னு அவ மேல கோபப்படுற வாசகர்கள் நிறைய. நான் வேற மாதிரி படிக்கிறேன். மாறுவேஷத்துல வந்தவன் பழைய விளையாட்டுத் தோழன். அவனோட ராத்திரியில ஓடிப்போயிடலாம். ஆனா தெருவுல பட்ட அவமானத்துக்கும், சாட்டையடி வாங்கின ஜனங்களுக்கும் ஒரு தோழன் மட்டும் பதில் சொல்ல முடியாது. அதுக்கு ராஜா வரணும். ராஜா வர ஒன்பது வருஷம் ஆகுது. அதுக்குள்ள அந்தத் தோழன் பாண்டிய இளவரசிக்குக் கணவனாகிட்டான். அவ கேட்டது கிடைச்சுது. கேட்ட ஆள் கிடைக்கல.

கடைசியில் சிவகாமி ஏகாம்பரநாதரையே நாயகனாக ஏற்று, தாலியைத் தானே கட்டிக்கொண்டு, கோயிலில் ஆடுகிறாள். 'சிதைந்த கனவு' என்று நாலாம் பாகத்துக்கு வைத்த பெயர் அவளுக்கு மட்டுமானது இல்லை. வாதாபியை வென்றவனுக்கும் அதே பெயர்தான்.

இந்தக் காலத்து நட்பு-காதல் நாவல்கள்ல தடையெல்லாம் ரெண்டு பேர் மனசுக்குள்ளதான். ஒரு மழை நாள்ல உட்கார்ந்து மனசுவிட்டுப் பேசினா தீர்ந்துடும். அதுவும் எனக்குப் பிடிக்கும். கல்கியோட கதையில இவங்க மனசு ஆரம்பத்துலயே ஒண்ணுதான். வெளியில நிக்கிற ராஜ்யமும் குலமும் போரும்தான் வழிவிடல. அதனாலதான் ஒரு நூற்றாண்டோட அரசியல் முழுக்க இந்த ரெண்டு பேர் வழியா நமக்குப் புரியுது.

பாதாமி பாறையில நரசிம்மவர்மன் பேர் இன்னிக்கும் இருக்கு. சிவகாமிக்கு அப்படி ஒரு கல்லும் கிடையாது. ஆனா மாமல்லபுரத்துக்குப் போற எத்தனையோ பேர் ராஜாவை விட்டுட்டு அவளைத்தான் தேடுறாங்க. நீங்க இன்னும் படிக்கலன்னா முதல் பாகத்துல, ஆயனர் வீட்டுலேர்ந்து தொடங்குங்க. போர் தானா வந்து சேரும்.