'சாங்ஷன்' என்றால் அனுமதியா, தடையா? ஒரே சொல்லுக்கு இரண்டு எதிர் அர்த்தம் வந்தது எப்படி?

"லோன் சாங்ஷன் ஆயிடுச்சு" என்றால் மகிழ்ச்சி. "ரஷ்யா மீது அமெரிக்கா சாங்ஷன்" என்றால் தடை. ஒரே ஆங்கிலச் சொல்தான். ஆனால் ஒரு இடத்தில் 'ஒப்புதல் கொடு', இன்னொரு இடத்தில் 'தண்டனை விதி'. குழப்பமா இருக்கா? வாங்க பார்க்கலாம்.

எங்கிருந்து வந்தது?

லத்தீன் மொழியில் 'சாங்கிரே' என்றால் புனிதமாக்குவது, யாரும் மீற முடியாதபடி சட்டமாக்குவது. 'செயின்ட்', சரணாலயத்தைக் குறிக்கும் 'சாங்சுவரி' இரண்டும் இதே குடும்பம்தான்.

அர்த்தம் பிரிந்தது எப்படி?

ஆங்கிலத்துக்கு வந்தபோது இதன் பொருள் சட்டம், ஆணை. சட்டம் போட்டால் மட்டும் போதுமா? மீறினால் தண்டனை வேண்டுமே! அந்தத் தண்டனைக்கும் இதே பெயர் வந்தது. 18ஆம் நூற்றாண்டில் 'ஒப்புதல் கொடு' என்ற வினைச்சொல் ஆனது. 'தண்டி' என்ற வினைப்பொருள் 20ஆம் நூற்றாண்டில்தான் பரவியது.

நாடுகள் மீது சாங்ஷன்

எத்தியோப்பியா மீது படையெடுத்த இத்தாலிக்கு 1935இல் சர்வதேச சங்கம் பொருளாதாரத் தடை விதித்தது. ஆனால் பெட்ரோலிய எண்ணெய் அந்தப் பட்டியலில் இல்லை. போர் நிற்கவில்லை, 1936இல் தடையும் விலக்கப்பட்டது. 1998 பொக்ரான் அணு சோதனைக்குப் பிறகு இந்தியாவும் அமெரிக்கத் தடையைச் சந்தித்தது.

எப்படி கண்டுபிடிப்பது?

* யார் 'மீது' என்று வந்தால், அல்லது 'சாங்ஷன்ஸ்' என்று பன்மையில் வந்தால், பெரும்பாலும் தடை.
* வங்கி, பட்ஜெட், அரசுத் திட்டம் என்றால் ஒப்புதல்.
* ஊழல் வழக்கு செய்தியில் 'சாங்ஷன்' என்றால், அரசு ஊழியர் மீது வழக்கு நடத்த முன்கூட்டியே பெற வேண்டிய அனுமதி. 1988 ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு இதைச் சொல்கிறது.
* 'சாங்ஷன்டு லோன்' என்றால் ஒப்புதல் கிடைத்த கடன். 'சாங்ஷன்டு கப்பல்' என்றால் தடைப் பட்டியலில் உள்ள கப்பல்.

இதை மறக்காதீங்க

வங்கி தரும் 'சாங்ஷன் லெட்டர்' கடனுக்கான ஒப்புதல் மட்டுமே. பணம் கைக்கு வருவது 'டிஸ்பர்ஸ்மென்ட்' ஆன பிறகுதான். அதற்கு நிபந்தனைகளும் காலக்கெடுவும் இருக்கும். லெட்டரை மட்டும் நம்பி வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், அதை முழுசா படிச்சிடுங்க.