இவர் யாருடைய வாப்பா?

போரில் இறந்த ஒருவரின் படம் என்றால் சீருடையோடு நிற்கும் ஓர் இளைஞன்தான் நம் நினைவுக்கு வருவான். இன்று நாம் சொல்லப்போகும் படத்தில் படைவீரரே இல்லை.

1863 ஜூலை 1. அமெரிக்க உள்நாட்டுப் போர். கெட்டிஸ்பேர்க் என்ற சிற்றூரில் மூன்று நாள் சண்டையின் முதல் நாள். வடபகுதிப் படையைச் சேர்ந்த ஒரு சார்ஜன்ட் ஊருக்குள்ளேயே விழுந்து இறந்தார். அக்காலத்தில் அரசாங்கம் படைவீரர்களுக்கு அடையாளத் தகடு கொடுப்பதில்லை. உடலோடு இருந்தது கண்ணாடித் தகட்டில் எடுத்த ஒரு படம் மட்டும். அதில் மூன்று சிறு பிள்ளைகள்.

படம் கைமாறி பிலடெல்பியாவின் வைத்தியர் ஜோன் போர்ன்ஸ் என்பவரிடம் வந்தது. ஒக்டோபர் 19ஆம் திகதி அந்நகரப் பத்திரிகையொன்று, இவர் யாருடைய தந்தை என்று தலைப்பிட்டுச் செய்தி போட்டது. அன்று பத்திரிகையில் புகைப்படம் அச்சிட வழியில்லை. அதனால் படத்தை வார்த்தையால் விவரித்தார்கள்: இரண்டு ஆண்பிள்ளைகள், ஒரு பெண்பிள்ளை. மூத்தவனின் சட்டையும் தங்கச்சியின் கவுணும் ஒரே துணி.

பெருநாளைக்கு ஒரே துணியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தைக்கும் நம் உம்மாமாருக்கு இது விளங்கும். முகத்தை ஊரே அடையாளம் காணலாம். துணியைத் தாய்தான் அறிவாள்.

செய்தியை வேறு பத்திரிகைகளும் எடுத்துப் போட்டன. நியூயோர்க் மாநிலத்தின் போர்ட்வில் என்ற ஊரில் பிலிண்டா ஹமிஸ்டனுக்கும் அது எட்டியது. சண்டைக்குப் பிறகு கணவரிடமிருந்து கடிதமே இல்லை. நவம்பரில் படத்தின் பிரதி வந்தது. கணவருக்கு அவரே அனுப்பி வைத்த படம். பிராங்க், அலிஸ், பிரெட். குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளியான ஆமோஸ் ஹமிஸ்டனின் பிள்ளைகள். தான் விதவை என்பதை அந்தத் தாய் அறிந்துகொண்டது இப்படித்தான்.

இதோடு நிறுத்தினால் கதை அழகாக இருக்கும். வரலாறு படிப்பிக்கும் நமக்கு அது சரிவராது. படத்தின் பிரதிகள் விற்கப்பட்டன. 1866இல் கெட்டிஸ்பேர்க்கிலேயே போர்வீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் திறந்தார்கள். பிலிண்டா அங்கே வேலை செய்தார், பிள்ளைகளும் அங்கேயே வளர்ந்தார்கள். பின்னாளில் அந்த இல்லத்தின் பொறுப்பாளர் ரோசா கார்மைக்கல் பிள்ளைகளைக் கொடுமைப்படுத்திய குற்றத்தில் மாட்டினார். பணத்தைக் கையாண்ட விதத்தில் போர்ன்ஸ் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. 1877இல் இல்லம் மூடப்பட்டது. இறந்தவரின் படத்தைப் பார்த்து அழுத நாடு, உயிரோடு இருந்த பிள்ளைகளைக் கவனிக்கத் தவறியது என்றே நாம் நினைக்கிறோம்.

ஆனாலும் அந்தப் படம் செய்ததைக் குறைத்துச் சொல்ல முடியாது. கெட்டிஸ்பேர்க் தேசிய மயானத்தில் 979 பேர் பெயர் தெரியாமலே அடக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இலக்கம் வெட்டிய சிறு கற்கள்தான். ஹமிஸ்டனும் அதே மயானத்தில்தான் இருக்கிறார். அவருடைய கல்லில் பெயர் இருக்கிறது.