பெட்டிக்குள் போன பைஜாமா

இனி பைஜாமாவை அட்டை மேல் அடுக்காமல் பெட்டிக்குள் அடுக்க வேண்டும். இதற்குப் போய் வேலையை விடுவார்களா என்கிறீர்களா? விட்டார்கள்!

அமெரிக்காவின் வர்ஜீனியாவில், மரியன் என்ற ஊரில் ஹார்வுட் கம்பெனி. அதன் பர்சனல் மேனேஜர் லெஸ்டர் காச், மனோதத்துவ நிபுணர் ஜான் ஃபிரெஞ்ச் இருவரும் நடத்திய சோதனை, 1948-ல் வெளியானது.

இஸ்திரி போடும் 18 பேரைக் கூப்பிட்டு மாற்றத்தையும் புதிய பீஸ் ரேட்டையும் அறிவித்தார்கள். விளக்கமும் சொன்னார்கள். ஆனாலும் உற்பத்தி படுத்துவிட்டது. 40 நாளில் 17 சதவிகிதம் பேர் அவுட்.

வேறு இரண்டு குழுக்களிடம் எப்படி மாற்றலாம் என்று யோசனை கேட்டார்கள். ஸ்டெனோ எழுதி முடியாமல் திணறும் அளவுக்குக் கொட்டினார்கள்! உற்பத்தி பழையதைவிட 14 சதவிகிதம் கூடியது. ஒருவரும் விலகவில்லை.

இரண்டரை மாதம் கழித்து, முதல் குழுவில் மிச்சமிருந்த 13 பேருக்கு மறுபடி வேலை மாற்றம். இந்தத் தடவை அவர்களையும் கேட்டார்கள். அதே ஆட்கள்தான். வேகம் மளமளவென்று ஏறியது. ராஜினாமா ஒன்றுகூட இல்லை.